நாகப்பட்டினத்துக்குப் போன குரல்

தூரதேசத்தில் இருக்கும் எழுத்தாளர்கள் புத்தகக் கடைக் கூட்டங்களுக்கு நேரில் வர வேண்டியதில்லை, குரலை அனுப்பினால் போதும். நீலாயதாட்சி பனி கொட்டும் வின்னிபெக்கிலிருந்து அப்படி மூன்று முறை அனுப்பியிருந்தாள். இரண்டு முறை சென்னைக்கு, ஒரு முறை மதுரைக்கு. மூன்று முறையும் பத்திரமாகத் திரும்பி வந்தது. மதுரையிலிருந்து வந்தபோது மட்டும் ஒரு வாரம் கொஞ்சம் வேகமாகப் பேசியது.

நான்காவது அழைப்பு நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. அவள் பிறந்த ஊர். கடைக்காரர் பெயர் சுல்தான் மரைக்காயர். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிற மனிதர். புதிய நாவலிலிருந்து எந்த அத்தியாயம், எத்தனை நிமிடம், குரலை மேசையில் வைப்பதா நாற்காலியில் வைப்பதா, மின்விசிறி ஓடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினார். மின்விசிறி வேண்டாம், கலைந்துவிடும் என்று அவள் பதில் எழுதினாள். ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை, மாலை ஆறு மணி என்று முடிவானது.

ஊறுகாய் ஜாடி ஒன்றை மூன்று முறை கழுவி ஜன்னல் வெயிலில் வைத்தாள். பூண்டு வாசம் மிச்சமிருந்தால் குரல் வழியெல்லாம் தும்மும். பிறகு ஜாடியின் வாயருகே குனிந்து, தீர்ந்துபோகும்வரை பேசினாள். கடைசியாக வந்த சொல் 'சரி'. மூடியைத் திருகினாள். தபால் நிலையத்துப் பெண் ஜாடியைக் காதருகே வைத்து ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, உடையும் பொருள் என்று சீட்டு ஒட்டினாள்.

நீலா வேலை பார்த்தது காது பரிசோதனை நிலையத்தில். கண்ணாடி அறைக்கு வெளியே நின்று சொற்களைச் சொல்லுவாள், உள்ளே இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் இல்லாத நாட்களிலும் அவள் வேலைக்குப் போனாள், வாயை அசைத்தாள். அந்த வாரம் வந்த ஏழு பேருக்கும் காது அறவே கேட்கவில்லை என்று பதிவானது. ஏழு பேரும் நன்றி சொல்லிக் கருவி வாங்கிப் போனார்கள்.

மரைக்காயரிடம் அவள் ஒன்றைச் சொல்லவில்லை. அவர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி அவளுடைய அண்ணன் காயாரோகணம் இருந்தான். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவளுடைய முதல் நாவலில் ஒரு தங்கை உப்பாற்றில் விழுந்துவிடுவாள். கரையில் நின்ற அண்ணன் ஓடிவிடுவான். அது நடந்த விஷயம்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது, அவனுக்குப் பதினான்கு. புத்தகம் வந்த மாதம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னான். இனிமேல் உன்னோடு பேச்சு இல்லை என்றான். உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றான். எழுத்தில் அப்படித்தான் வந்தது என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை மரைக்காயர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ஜாடியைத் திறந்ததும் குரல் ஒருமுறை செருமிவிட்டு நாற்பது நிமிடம் வாசித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், உங்கள் அண்ணன் இதே ஊரில்தானே இருக்கிறார், அவர் உங்கள் புத்தகங்களைப் படிப்பதுண்டா என்று கேட்டாராம். குரல், அடுத்த கேள்வி என்றது.

கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, காயாரோகணம் வீட்டில் தன்னை விடச் சொல்லிக் குரல் கேட்டது. உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமோ என்று யோசித்தேன் மேடம், ஆனால் கேட்பதே உங்கள் குரலாக இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது என்று விட்டுவிட்டேன். ஸ்கூட்டரின் முன்னால் வைத்து மெதுவாகத்தான் ஓட்டிப் போனேன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்குத் தெரியாது. கடிதத்தை நான்கு முறை படித்தாள்.

குரலை உடனே அனுப்பிவைக்கும்படி எழுத உட்கார்ந்தவள், அண்ணன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுதினாள். மரைக்காயர் தினமும் கடையைத் திறப்பதற்குமுன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுத ஆரம்பித்தார். முதல் நாள் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், சத்தம் கம்மியா இருக்கு, கொஞ்சம் கிட்ட வையி என்று மனைவியிடம் சொன்னான். ஜாடியைத் தலைமாட்டில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் அந்த முதல் நாவலைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னான். புத்தகம் வீட்டில் இருந்தது. ஒன்பது வருடமாக அரிசி டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

திருச்சிக் கடை ஒன்று பிப்ரவரிக்கு நாள் கேட்டிருந்தது. குரல் இப்போது ஊரில் வேலையாக இருக்கிறது என்று நீலா எழுதிவிட்டாள். அவர்களும் புரிந்துகொண்டார்கள்.

ஒரு காலையில், அங்கே மாலை ஏழு மணி இருக்கும், அவளால் பொறுக்க முடியவில்லை. அண்ணன் வீட்டு எண்ணை அழுத்தினாள். அவனே எடுத்தான். அவன் குரல் மெலிந்திருந்தது, ஆனால் அவன்தான்.

"யாரு?" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் அவளுடைய குரல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது, பாதி வாக்கியத்தில் நின்றது.

"யாருன்னு கேக்குறேன்ல. பேசுங்க."

பின்னாலிருந்து அவளுடைய குரல் சொன்னது: "ராங் நம்பரா இருக்கும்ண்ணே. வச்சுருங்க. அடுத்த பக்கம் போவோம்."

"சரிம்மா" என்று அவன் அதனிடம் சொன்னான். வைத்துவிட்டான்.

அவள் வெகுநேரம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவன் அவளை 'ம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அவள் பக்கத்தில் இல்லை.

விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டு அண்ணிக்குத் தகவல் அனுப்பினாள். அண்ணி சகுந்தலா அதிகம் பேசாதவள், யோசித்து எழுதுகிறவள். மறுநாள் பதில் வந்தது. நீலா, நீ வராதேம்மா. அவர் அன்னைக்குச் சொன்னது ரெண்டு. பேச மாட்டேன்னு சொன்னது இப்பத்தான் தீந்திருக்கு. முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னது அப்படியேதான் இருக்கு. நீ வந்து நின்னா அதை முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு அவருக்கு நாள் இல்ல.

இதில் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பயணத்தை ரத்து செய்தாள். முகத்தை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். புகைப்படம் பொருந்த வேண்டும், மன்னிக்கவும் என்று பதில் வந்தது.

பிப்ரவரி இரண்டாவது வாரம் மரைக்காயர் எழுதிய கடிதம் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அன்று வாசிப்பு உப்பாறு வரும் இடத்தை எட்டியிருந்தது. தங்கை விழுகிறாள், கரையில் நின்ற அண்ணன் ஓடினான் என்று குரல் வாசித்தது. காயாரோகணம் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். எழுந்து உட்கார வேண்டும் என்றான். அண்ணியும் மரைக்காயரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார்த்தினார்கள்.

"ஓடுனேன்" என்றான். "இல்லேன்னு சொல்லல. எனக்கு நீச்சல் தெரியாது நீலா. ஆள் கூப்பிட ஓடுனேன். உப்பளத்துல இருந்த ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தது நான்தான். நீ கண்ணத் திறக்கும்போது அவங்க நின்னாங்க, நான் மூச்சு வாங்கிக்கிட்டு மரத்துக்குப் பின்னால உக்காந்திருந்தேன். அதான் உனக்குத் தெரியல."

குரல் அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்ததாம்: கரையில் நின்ற அண்ணன் ஆள் கூப்பிட ஓடினான். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். மேற்கொண்டு வாசி என்றான்.

நீலா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அவளுடைய பிரதியை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'ஆள் கூப்பிட' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காக மற்றச் சொற்கள் சற்று நெருங்கி நின்றிருந்தன. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். குரல் இல்லாததால் அது சத்தமில்லாமல்தான் நடந்தது. கீழ்வீட்டுக்காரர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

நாவல் முடிய இன்னும் பதினொரு பக்கம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மாலை, காயாரோகணம் இறந்துபோனான். வெயில் தாழ்ந்த நேரம், கொஞ்சம் காப்பி கேட்டான், அண்ணி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான். குரல் அதற்குப் பிறகும் மீதிப் பக்கங்களை வாசித்து முடித்தது. தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். உடலை எடுக்கும்போது ஒரே தங்கையின் அழுகை வேண்டுமென்று பெரியவர்கள் சொன்னார்கள். ஜாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரைக்காயர் தெருமுனைவரை நடந்தார்.

குரல் மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தது. ஜாடியைச் சுற்றி அண்ணனின் பழைய துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நீலா மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுத்தாள். முன்பைவிடத் தணிந்திருந்தது. சில சொற்களில் தேய்ந்தும் இருந்தது. கடிதங்களில் வராதது எவ்வளவோ இருக்கும். முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தவனிடம் அது என்ன சொன்னது, அவன் அதனிடம் வேறு என்னவெல்லாம் சொன்னான், கடைசியில் அவளைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கேட்பதற்கும் அதே குரல்தான் வேண்டியிருந்தது. இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டாள். காது பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

மார்ச் கடைசியில் அண்ணியிடமிருந்து தட்டையான ஒரு பார்சல் வந்தது. கூடவே கடிதம். திங்கட்கிழமை சாயங்காலமே அவர் போயிட்டதால மறுநாள் செவ்வாய்க்கிழமை, அவருக்குன்னு வந்த நாள், அப்படியே இருக்கு. காரியத்துக்கு வந்தவங்க யாரும் கேக்கல. எனக்கு என் நாளே போக மாட்டேங்குது. உனக்குத்தான் சேரணும்னு தோணிச்சு. அன்னைக்கு முடி வெட்டிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

புதன்கிழமை ராத்திரி நீலா பார்சலைப் பிரித்தாள். அந்த வாரம் வின்னிபெக்கில் புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு செவ்வாய் வந்தது. தெருவில் பனி கிடக்க, நாகப்பட்டினத்து முப்பத்தொரு டிகிரி வெயில். பள்ளிக்கூடங்கள் செவ்வாய்க்கிழமைப் பாட அட்டவணைப்படி நடந்தன. குப்பை வண்டி இரண்டாம் தடவை வந்து போனது.

நீலா காலை பத்து மணிக்கு முடி வெட்டும் கடைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், காத்திருந்தாள். எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டபோது, காதுக்கு மேலே கொஞ்சம் குறைத்தால் போதும், பின்னால் மழித்துவிடுங்கள் என்றாள். அரைமணி நேரம் கத்தரி ஓடியது. கீழே குட்டையான, நரைத்த ஆண்முடி விழுந்துகொண்டே இருந்தது. அவளுடைய பின்னல் நாற்காலியின் பின்னால் இருந்தபடியே தொங்கியது. முடி வெட்டியவர் அவள் பிடரியில் பவுடர் போட்டார், துணியை உதறினார், அடுத்தவரை உட்காரச் சொன்னார்.