நஷ்டப் போட்டி

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அர்ச்சுனன் ஒருவழியாகக் கேட்டுவிட்டார். தன் மகன் அன்புக்கு வீரமணியின் மகள் காவியாவைத் தர வேண்டும். பிள்ளைகள் இருவரும் முன்பே பேசி முடித்திருந்ததால், பெரியவர்களுக்கு மிச்சமிருந்தது கேட்பதும் கொடுப்பதும்தான்.

வீரமணி டீயை நிதானமாக ஊதிக் குடித்தார்.

"நீதான மச்சான் வருசக்கணக்கா சொல்ற, வெத்தலை கிள்ற கூலிக்கே வெல பத்தலைன்னு. அந்த வூட்டுக்கு எம்பொண்ண எப்படி அனுப்பறது?"

அர்ச்சுனன் தன் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார். அந்த பெஞ்சில் தினமும் நடக்கிற போட்டி அது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் அதிக ஏழையா, தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவரா? அர்ச்சுனன் வாடல் நோயைக் கொண்டுவந்தால் வீரமணி ஜிஎஸ்டியை இறக்குவார். காற்றில் கொடி சாய்ந்ததென்றால், ஆன்லைனில் மோட்டார் விற்கிறான் என்று பதில் வரும். லாபம் என்று சொன்னால் கண் படும். கைமாற்று கேட்டு ஆளும் வரும். இப்படி நஷ்டப்பட்டே அர்ச்சுனன் டிராக்டர் வாங்கினார், வீரமணி கடைக்கு மேல் மாடி எழுப்பினார்.

"அது சும்மா சொல்றதுதான் மச்சான். நல்லாத்தான் போவுது" என்ற அர்ச்சுனன், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எவ்ளோ நல்லா?"

மகனின் முகம் நினைவுக்கு வந்தது. "செலவு போக, ஒங்கடைய விட கொஞ்சம் கூடவே நிக்கும்."

"எங்கடைய விடவா? போன வருசம் எனக்கு என்ன நின்னுச்சுன்னு தெரியுமா ஒனக்கு..." வீரமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது வீரமணிதான்.

"எங்கடையில அத்தினி மோட்டாரும் ரொக்கத்துக்கு எடுத்தவன் நீ. எனக்குத் தெரியாதா? ஒன் வாயால வருதான்னு பாத்தேன். தையில நிச்சயம் வெச்சுக்கலாம். வெத்தலை ஒன்னுது."

"வெல போட்டுக் குடுப்பியா?"

அதற்குள் மாரியம்மன் பண்டிகைக்கு வசூல் செய்பவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார்கள். கல்யாணக் களை அப்படியே வடிந்து, சம்பந்திகளின் முகங்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் காணாத கொடியாகத் தொங்கின.

"பாவம், இவங்க கொடிக்கால் இந்த வருசம் சுத்தமா போச்சுங்க" என்று வீரமணி ஆரம்பித்தார்.

"இவங்க கடையும் ஈயோட்டுதுங்க" என்றார் அர்ச்சுனன். சொல்லிவிட்டு, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.