இரண்டு பாஷைக்காரி

...விழுங்கிவிட்டாள், ஒரு வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டாள், பதினாறு வருஷமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்த்து ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை என்று பெயர் வாங்கியவள், இன்றைக்குப் போய்... கூண்டில் நிற்கிற கிழவர் சொன்னது இரண்டே வாக்கியம். "வெளிப்பக்கமா பூட்டைப் போட்டோம். உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு தெரியும்." முதலாவதைப் பக்கத்து நாற்காலி அம்மாளின் பாஷையில் சொன்னாள், இரண்டாவதற்கு வாயைத் திறக்கவில்லை, அதற்குள் வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நீதிபதிக்கும் கிழவருக்கும் ஒரு பாஷை, இந்த அம்மாளுக்கு ஒரு பாஷை, இரண்டும் தெரிந்தவள் இங்கே இவள் ஒருத்திதான். கலவரத்தில் தெரு எரிந்த அன்று அண்ணனையும் அண்ணியையும் பறிகொடுத்துத் தான் மட்டும் தப்பிய அம்மாள், நாற்பத்தொரு வருஷம் கழித்து வந்திருப்பதே இந்த ஒன்றைக் கேட்கத்தான், தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா.

தெரியாது என்றுதானே அப்பா சொன்னார்... இந்தக் கிழவரோடு சேர்ந்து கொளுத்திய கும்பலில் ஒருவர் அப்பா, அதே தெருவில் ஒரு ஜன்னலை உடைத்து அம்மாவை வெளியே இழுத்துப் போட்டவரும் அவரே, பிறகு கட்டிக்கொண்டவரும் அவரே. "உள்ள ஆளு இருக்குன்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாது. கூச்சல் கேட்டுத்தான் ஜன்னலை உடைச்சேன்." அந்த ஒரு பேச்சின் மேல்தான் குடும்பமே ஓடியது, அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அப்பா வீட்டார் இவளைக் கலப்படம் என்றார்கள், அம்மாவின் சனம் அதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை வைத்திருந்தது, சித்தப்பா கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது "நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு" என்று எவ்வளவு பிரியமாகச் சொன்னார்கள். அந்தக் கலப்படத்துக்குத்தான் இன்று கழுத்தில் அட்டை மாட்டி, நடுவில் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள், நல்ல வேடிக்கை. இப்போது வாயைத் திறந்தால் அப்பா போனார். திறக்காவிட்டால்? செத்துப்போன மனுஷனைக் காப்பாற்ற, உயிரோடு பக்கத்தில் இருக்கிறவளை ஏமாற்றுவதா, சீ, இதுவும் ஒரு பிழைப்பா.

விடியற்காலையில் அம்மா சுவரைப் பார்த்து நின்று தன் பாஷையில் முணுமுணுவென்று சாமி கும்பிடுவாள், அப்பா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஒரு எழுத்துப் புரியாது, ஆனாலும் அவள் முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டாரா, காவல் இருந்தாரா, யாருக்குத் தெரியும்... போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்த சாமி அந்த இரண்டு பேரும்தான். கொளுத்தியவனின் ரத்தமும் வெந்தவர்களின் ரத்தமும் ஒரே உடம்பில் ஓடுகிறது, இத்தனை நாள் அதைக் கழுவப் பார்த்தாளே தவிர, அதன் மேல் காலை ஊன்றி நின்று பார்த்தாளா? வேறு தரை இவளுக்கு ஏது? எழுந்தாள்.

"ஐயா, ஒரு வாக்கியத்தை விட்டுட்டேன். திருத்திச் சொல்ல அனுமதிக்கணும்." நீதிபதி தலையசைத்தார். அந்த அம்மாள் பக்கம் திரும்பி, அம்மாவின் பாஷையில், அப்பாவின் ஆள் சொன்னதை, உள்ளே ஆட்கள் இருந்தது எங்களுக்குத் தெரியும் என்று, எங்களுக்கு என்றே, சொல்லி முடித்தாள்.

அந்த அம்மாள் அழவில்லை, இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் மெதுவாகச் சொன்னாள். "அவர் சொன்னப்பவே புரிஞ்சுதும்மா. பக்கத்துப் பக்கத்து வீடா இருந்தவங்க, புரியாமலா இருக்கும். அந்தப் பாஷையைப் பேசறதில்லைன்னு விட்டுட்டேன், அவ்வளவுதான். அன்னிக்கு வெளிய நின்னு இவங்க பேசினதையெல்லாம் நாங்க உள்ள இருந்து கேட்டுட்டுத்தானே இருந்தோம். நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

"என்ன சொல்றாங்க?" என்றார் நீதிபதி. காதில் விழுந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும், அதுதானே வேலை, சொல்ல ஆரம்பித்தாள்... உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்... அம்மாவும் அந்த வரிசையில் ஒரு வீட்டுக்குள்தானே இருந்தாள், அப்படியானால் அப்பாவின் குரலை அவள் முதன்முதலாகக் கேட்டது எப்போது, ஜன்னல் உடைந்தபோதா, அதற்கு முன்பா?