கூழாங்கல்லின் வழவழப்பு

1

இந்தக் கதை எனக்குக் கழிவறைத் தொட்டியிலிருந்து கிடைத்தது. மூக்கைப் பிடிக்காதீர்கள், உண்மையைத்தானே சொல்கிறேன். எங்கள் தெருத் தையல்காரி வீட்டுப் பின்புறத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்தேன். வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தி வானம் சிவந்து கிட—

(வேண்டாம். தொட்டிக் கதைக்கு வானம் எதற்கு?)

2

தையல்காரி வீட்டுத் தொட்டி கசிந்து, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்த தங்கையின் கிணற்றைக் கெடுத்தது. தங்கையின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரிவரை போய்ப் பிழைத்து வந்தது. அன்றோடு தங்கை அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தையல்காரி துடித்துப்போனாள். தொட்டியின் கசிவை அடைத்தாள். பக்கத்திலேயே சிமெண்ட் அறை கட்டி, ஒரு தடுப்பில் கூழாங்கல், மறு தடுப்பில் மணல் நிரப்பினாள். தொட்டி நீர் இரண்டிலும் வடிந்து குழாயில் சொட்டியது. போகப்போக நாற்றம் குறைந்தது.

3

(இங்கே ஒரு வில்லன் தேவை. தையல்காரியின் கணவரைப் போடலாமா? பாவம், அவர் வெறும் சுத்தப் பைத்தியம்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூழாங்கல்லையெல்லாம் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, திரும்ப அடுக்கினார். சில நாளில் குழாய் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"கல்லு பூரா வழவழன்னு ஒரே அழுக்கு. பளபளன்னு ஆக்கிட்டேன்ல!"

"ஐயையோ! இந்த அறையைக் கட்டிக் குடுத்த மேஸ்திரி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! அந்த வழவழப்புல இருக்கற கிருமிதாங்க அழுக்கைத் திங்குது. அம்புட்டையும் கொன்னுட்டீங்களே!"

"அதுக்கு உசுரு இருக்கா?" என்றவர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

4

அது திரும்ப வளர்ந்தது. யாரும் விதைக்கவில்லை. கண்ணில்லாத, காதில்லாத ஏதோ ஒன்று கல்லில் மெல்லப் படர்ந்து, நாம் அருவருத்துத் தள்ளியதைத் தின்று, தெளிந்த நீரைத் தந்தது. எழுதும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது. குடிக்க ஆகாதுதான், செடிக்கு ஊற்றலாம். ஆனாலும் அந்தக் கண்ணாடித் தம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தபோது மறுபக்கம் என் விரல் ரேகை தெரிந்தது.

5

தையல்காரி தம்ளரை மதிலுக்கு மேலே நீட்டினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள்.

"மோந்து பாருடி. இனிமே உன் கிணத்துக்கு ஒரு சொட்டு வராது."

தங்கை வாங்கி மோந்தாள். இன்னொரு தடவையும் மோந்தாள்.

(முடிவு ஒன்று: அக்காவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ரொம்பச் சினிமா. முடிவு இரண்டு: தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு உள்ளே போகிறா— சே, எனக்கு மனசு வரவில்லை.)

தங்கை வாய் திறக்கிறாள். அவளுக்கான சொல் என்னிடம் இல்லை. உங்களோடும் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவர் இருப்பார். அவரிடமிருந்து எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறீர்களோ, அதை இவளைச் சொல்ல வையுங்கள்.