உள்பக்கத் தையல்

தங்கையின் பள்ளிக்கூடப் பாவாடையைத் தேய்ப்பதற்காக உள்பக்கம் திருப்பிப் போட்ட பெரியவள், இடுப்பைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

கூடத்தில் சின்னவள் கிடந்தாள். பதினைந்து வயது. காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் யூனிஃபார்மைப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அன்று அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா தையல்காரர். வளரும் பிள்ளைகளின் துணியில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பார். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிட்டால் மூன்று வருஷம் ஓடும். சின்னவளின் பாவாடையில் பிரித்த தடமே இல்லை. பழைய தையலுக்கு உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. எட்டு மாதத்தில் இரண்டு தடவை இடுப்பைப் பிடித்துச் சிறிதாக்கியிருக்கிறார். கோணல்மாணல் கிடையாது. அவ்வளவு அழகான வேலை.

"பொண்ணு உயரம் போடுறா, அதான் இடுப்பு சிறுக்குது" என்று அப்போது பெருமையாகச் சொன்னார். பெரியவளும் சும்மா இருக்கவில்லை. "எனக்கும் கொஞ்சம் கடன் குடுடி, அந்த இடுப்பை" என்று கிண்டல் செய்தாள். தட்டைத் தள்ளினால் கொழுப்பு, போர்த்திக்கொண்டு படுத்தால் சோம்பல் என்று எதற்கும் அந்த வீட்டில் ஒரு பேர் தயாராக இருந்தது. ஒருநாள் சின்னவள், "எனக்கு எதுவுமே பிடிக்கலக்கா. என்னையே எனக்குப் பிடிக்கல" என்றாள். "பரீட்சை முடிஞ்சா சரியாப் போயிடும்" என்றாள் பெரியவள். பரீட்சை முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. எதிர்த்து நிற்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

வாசலில் அத்தை பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா அவள். எந்த வீட்டுத் துக்கத்துக்கும் வாய் முன்னால் போய்ச் சேரும், ஆள் பின்னால் வருவாள். "மூணே நாள் காய்ச்சல்! சிரிச்சுக்கிட்டே இருந்த பிள்ளை" என்று வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒப்பித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கேட்கக் கேட்கப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீச்சரோடு வகுப்புப் பெண்கள் வந்தார்கள். அத்தை முதலிலிருந்து தொடங்கினாள். பெரியவள் பாவாடையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

தையல்காரர் மகளுக்கு முகத்துக்கு முன்னால் இடுப்புதான் கண்ணில் படும். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, ஓரமாக நின்ற ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாவாடை இடுப்பில் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. பெரியவள் அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சல் மூணு நாள்தான் அத்தை. அதுக்கு முன்னால எட்டு மாசம் என்னன்னு சொல்லுங்க."

அத்தை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள போடி! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மனசு சரியில்லாத குடும்பம்னு பேரு வந்தா, நாளைக்கு உன்னை யாரு கட்டுவான்?"

"கட்டாம போகட்டும்."

கையை உதறிவிட்டு அந்தப் பெண்களிடம் திரும்பினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "அவளுக்கு மனச்சோர்வு. அதுவும் ஒரு நோய்தான். வைத்தியம் இருக்காம். டாக்டர் சொல்லி நேத்துதான் எங்களுக்குத் தெரியும். நேத்து! அவ சொல்லத்தான் செஞ்சா. நான்தான் காது குடுக்கல. உங்க வீட்ல ஒருத்தர் கேட்கலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லுங்க. யாருமே கேட்கலன்னா இந்தக் கதவைத் தட்டுங்க."

"சின்னப் பிள்ளைங்கம்மா. அவங்க முன்னாடி இதெல்லாம்..." என்றார் டீச்சர்.

"உள்ள கிடக்கிறவளும் சின்னப் பிள்ளைதான் டீச்சர்."

படியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் பாவாடையை விரித்துப் போட்டாள். "இதைப் பாருங்கப்பா." அவர் இரண்டு தையலையும் விரலால் தடவினார். மறுபடி தடவினார். "நல்லாத் தைச்சிருக்கேன்" என்றார். குரல் உடைந்துபோயிற்று. பெரியவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பாவாடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளும் அம்மாவுமாகச் சின்னவளுக்கு உடுத்திவிட்டார்கள். அப்படியும் தொளதொளவென்றுதான் இருந்தது.

சின்னவளை எடுத்துப்போகும் வண்டி வந்து நின்றது. டீச்சர் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஊக்கு குத்தியிருந்தவள் மட்டும் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு வந்து சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"வர்றேன்மா. சாயங்காலம்..."

"இப்பவே வாங்கக்கா. சாயங்காலம் எனக்குத் தைரியம் இருக்காது."

"நல்லா இருக்கே கூத்து!" என்றாள் அத்தை. "பிணத்தை எடுக்கற நேரத்துல கூடப் பிறந்தவ ஊரார் வீட்டுக்குப் போறதா?"

நேரமாகிவிட்டது என்றார் வண்டிக்காரர். பெரியவள் கூடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா எழுந்தார். "வீடு எவ்வளவு தூரம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ரெண்டு தெரு தள்ளி."

"போயிட்டு வாங்க" என்றார். படியிறங்கிப் போய், வண்டிக்கு முன்னால் மறித்து நின்றுகொண்டார்.