மாதுளையில் தொங்கிய எக்ஸ்பி

மடத்துவெளிப் பரராசசிங்கத்தின் கணினிக்கு ஒரேயொரு தொழில்தான் தெரியும். செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டுவது. அதனால் புங்குடுதீவில் வயதானவர்கள் அது இருக்கிற பக்கம் கால் நீட்டி உட்காருவதில்லை.

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த தங்கையின் மகன் ஆரூரன், கேட்காமலே அதற்குப் புது விண்டோஸ் போட்டுவிட்டுப் பிளேன் ஏறிவிட்டான். பிறகு ஒருநாள் பரராசசிங்கம் கணினியின் சுவிச்சைப் போட்டுவிட்டுக் குறிகட்டுவான் துறைக்குப் போய், வள்ளமேறி, நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டுத் திரும்பி வந்தார். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மனைக் கும்பிட்டபடியால்தான் அந்த அளவுக்காவது சுற்றியது என்று ஊரில் சொன்னார்கள்.

அது கூடப் பரவாயில்லை. பக்கம் கட்டுகிற பழைய புரோகிராம் இதில் திறக்கவே மறுத்தது. பரராசசிங்கம் சண்டை பிடிக்கிற வயதைக் கடந்திருந்தார். கடைக் கதவைச் சாத்திவிட்டு ஆடு வளர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மயில்வாகனத்தார் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

மயில்வாகனத்தார் மகன்மாரை நம்பாமல், தன் கல்வெட்டைத் தானே முன்கூட்டி எழுதுவித்து வைத்தவர். அதற்குப் பாட்டு எழுதிய புலவர் செத்து, அந்தப் புலவருக்குப் பாட்டு எழுதியவரும் செத்துவிட்டார். மயில்வாகனத்தார் மட்டும் இருக்கிறார்.

"பரராசா, வம்சாவளியில கஜானியின்ர பேரைப் போடவேணும். வியாழக்கிழமை கொழும்புக்குப் போறன். நெஞ்சைத் திறக்கப் போறாங்களாம். திறக்கிறவங்கள் ஒழுங்கா மூடுவாங்களோ தெரியாது."

கஜானி அவருடைய ஒரே மகள். சேர்ச்சுக்குப் போகிற நெடுந்தீவு வேதக்காரப் பொடியன் வின்சன்றைக் கட்டிக்கொண்டு போனவள். அந்தக் கோபத்தில், கட்டி முடித்த கல்வெட்டிலிருந்து அவளுடைய பேரை எடுப்பித்திருந்தார்.

"நீங்கள்தானே அண்ணை எடுக்கச் சொன்னனீங்கள்."

"ஓம், நான்தான். இப்ப போடச் சொல்லுறதும் நான்தான். நான் போனாப் பிறகு பொடியள் அவளைப் போடமாட்டாங்கள்."

"இதில திறக்க ஏலாது. புதுசா அடிக்கிறதெண்டால் நாற்பத்தெட்டுப் பக்கம். வியாழனுக்குள்ள என்ர விரல் முறிஞ்சிடும். பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திரும்பினால்தான் உண்டு."

"அப்ப திரும்புமன்."

"அந்த சீடி உங்கட மாதுளையில தொங்குது."

உண்மைதான். கிளி விரட்டவென்று மயில்வாகனத்தார் போன வருசம் கடையிலிருந்த சீடியெல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் மரத்தில் கட்டியிருந்தார். பரராசசிங்கமும் தொல்லை தொலைந்ததென்று கொடுத்திருந்தார்.

இருவரும் நடந்தார்கள். சாகப்போகிறவர் முன்னால் போனார், இருக்கப்போகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார். மயில்வாகனத்தாரின் மனைவி இலட்சுமிப்பிள்ளை முற்றத்தில் நின்றார்.

"நெஞ்சு ஏலாத மனுசன் மரத்தில என்ன தேடுறார்?"

"கஜானியை," என்றார் பரராசசிங்கம்.

இலட்சுமிப்பிள்ளை மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எடுக்கிறதுக்குப் பதிலா ஒண்டைக் கட்டிப்போட்டுப் போங்கோ. கிளிக்கு எங்கட வீட்டுச் சங்கதி விளங்காது," என்றார்.

சீடிகளில் எழுதியிருந்ததை வெய்யில் தின்றுவிட்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கவென்று கொண்டுவந்திருந்த, ஆரூரன் விட்டுப்போன புது விண்டோஸ் சீடியைப் பரராசசிங்கம் சட்டைப் பையிலிருந்து எடுத்து மரத்தில் கட்டினார். கிளிகள் அதை இன்றுவரை மதிக்கவில்லை.

கடையில் எச்சத்தைக் கழுவி, கீறலுக்குப் பற்பசை தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். முதலாவதில் யாரோ ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீட்டு வீடியோ ஓடியது. அடுத்ததில் மாட்டுவண்டிச் சவாரி. மயில்வாகனத்தார் சவாரியை முடியும்வரை பார்க்கவேண்டும் என்றார், பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எக்ஸ்பி அகப்பட்டது.

பரராசசிங்கம் பழைய கோப்புகளையும் பக்கம் கட்டுகிற புரோகிராமையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, மற்றதெல்லாவற்றையும் துடைத்து எக்ஸ்பியைப் போடத் தொடங்கினார். கணினி போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வளவு ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பாதியில் கரண்ட் நின்றது. வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி நின்றது. மறுபடி தொடங்கினார். அதற்குள் மயில்வாகனத்தார் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். பரராசசிங்கம் இடையிடையே எழுந்து போய் அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அவருடைய தொழிலில் அது பழக்கமாகிவிட்ட ஒன்று.

பொழுதுபடும்போது கல்வெட்டு திறந்தது. வம்சாவளிப் பக்கத்தில் இரண்டு மகன்மாருக்கும் நடுவே வெறும் இடம். அதில் அம்புக்குறியை வைத்து அமத்தியதும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் எழும்பி நின்றது. பரராசசிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பேரை எடுத்தால் மற்றவர்களின் கோடுகளெல்லாம் இடம் மாறும். மறுபடி கட்ட அன்றைக்கே அலுப்பு. பேரின்மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து மூடிவிட்டு, எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார்.

பெட்டியை அழித்தார். கீழே கஜானி அப்படியே இருந்தாள்.

கதிரைச் சத்தம் கேட்டது. மயில்வாகனத்தார் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"எடுத்தனான் எண்டு சொன்னனீர்."

"பேப்பரில தெரியேல்லைத்தானே அண்ணை."

மயில்வாகனத்தார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று பரராசசிங்கம் காத்திருந்தார்.

"பக்கத்தில வின்சன்ற் எண்டு போடும்."

போட்டார். "பிள்ளையள்?"

"ரெண்டு." யோசித்தார். "மூண்டோ தெரியாது."

"பேர்?"

மயில்வாகனத்தார் பொல்லால் நிலத்தைத் தட்டினார்.

"பேர் இல்லாமல் கோடு கீற ஏலாது. இந்த எக்ஸ்பி விடாது," என்றார் பரராசசிங்கம். எக்ஸ்பிக்கு அப்படி ஒரு பிடிவாதமும் கிடையாது.

மயில்வாகனத்தார் மடியிலிருந்து போனை எடுத்தார். மகளின் நம்பர் அதில் முன்னமே இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எடுபட்டது.

"பிள்ளை, நான் அப்பா. இஞ்ச பரராசாவின்ர கடையில கல்வெட்டு அடிக்கிறம்."

மறுபக்கம் எழுந்த குரல் கடை முழுக்கக் கேட்டது. "அம்மாவுக்கு என்னப்பா? ஐயோ, எப்ப?"

"கொம்மா மாதுளைக்குக் கீழ நிண்டு கிளி கலைக்கிறா. ஒருத்தரும் சாகேல்லை. கல்வெட்டு என்ர."

அழுகை நிற்கவில்லை. மயில்வாகனத்தார் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அது அடங்கும்வரை காத்துக்கொண்டு நின்றார். அவருடைய தோளும் மெல்ல ஆடியது. பரராசசிங்கம் அதைக் காணாதவராய் விசைப்பலகையைத் துடைத்தார்.

"சரி பிள்ளை. பிள்ளையளின்ர பேரைச் சொல்லு. ஆறுதலாச் சொல்லு, இந்த மனுசன் நல்லா அலுத்துப்போய் இருக்கிறார்."

பரராசசிங்கம் விரல்களை எழுத்துகளின்மேல் வைத்தார்.