ஓரத்தில் நின்று பாடியவள்

காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி வந்தது. கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது, மாலையில் ஓபரா அரங்கேற்றம், உடனே வரவேண்டும். பாடகி வீப்கே ஹார்ம்ஸ் இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தாள்.

அந்தப் பழைய ஓபராவை அவள் பதினொரு முறை பாடியிருக்கிறாள். போருக்குப் போன கணவன் ஏழு வருடம் கழித்துக் கதவைத் தட்டுவான். மனைவி ஓடிப்போய்த் திறந்து, உச்ச ஸ்தாயியில் மகிழ்ச்சியைக் கொட்டுவாள். நாற்பத்திரண்டு வயதாகியும் நிரந்தர வேலை கிடைக்காத வீப்கேவுக்கு அந்த ஒரு ஸ்வரம்தான் சொத்து.

"இன்னிக்கு நல்லா அமைஞ்சா அடுத்த வருஷம் இங்கயே உங்களுக்கு இடம் இருக்கு," என்றார் அரங்கத் தலைவர்.

உதவி இயக்குநர் யோரிண்டெ அவளை மேடையின் இடது ஓரத்தில் நிறுத்தினாள். "நீங்க இங்கேருந்து பாடுங்க. நடிக்கிறது நான், எனக்குத்தான் ஒவ்வொரு அசைவும் தெரியும். மீன் மாதிரி வாயத் தொறந்து மூடுவேன், சிரிச்சிடாதீங்க."

"கதைய ஏதாவது மாத்தியிருக்கீங்களா?"

"பாட்டுல ஒரு எழுத்தக்கூட மாத்தல. மத்ததெல்லாம் புதுசு. மேடைப் பக்கம் பாக்காம பாடுங்க, அதான் நல்லது."

கடைசிக் காட்சிவரை வீப்கே திரும்பவில்லை. கதவு தட்டும் ஓசை வந்தது. அவள் குரல் ஆனந்தமாக எழும்பியது. கூடவே ஏதோ கனமான பொருள் தரையில் கிறீச்சிட, சட்டென்று திரும்பினாள்.

மேடையில் ஒரு சமையலறை. யோரிண்டெ குளிர்பதனப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும், அடி வாங்கிப் பழகியவளைப்போல இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அந்த உடம்பின்மேல், 'வந்துவிட்டான் என் உயிர்' என்று வீப்கேவின் குரல் பொழிந்துகொண்டிருந்தது.

வீப்கே பார்த்துக்கொண்டே பாடினாள். பதினொரு முறையும் இவனுக்கா கதவைத் திறந்துவிட்டேன்?

உச்ச ஸ்வரம் வந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வாத்தியங்கள் தனியாக ஓடின. பார்வையாளர் இருட்டிலிருந்து ஒரு பெண் அலறினாள்: "தொறக்காதே!"

திரை விழுந்ததும் யோரிண்டெ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒத்திகையில முப்பது தடவ செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆகல. உங்க குரல் நின்னதும், அவன் நெஜமாவே உள்ள வந்துடுவான்னு தோணிடுச்சு."

இசைக்குழுவை நடத்திய ப்ரூன்ஸ் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "ஸ்வரம் எங்கம்மா? ரயில்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பின்னாலேயே வந்த அரங்கத் தலைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கை குலுக்கினார். "வந்ததுக்கு நன்றி. அடுத்த ஷோவுக்கு ஹனோவர்லேருந்து வேற ஒருத்தங்க வர்றாங்க."

"பாவம் அவங்க," என்றாள் வீப்கே.