கடைசி எழுத்து

“வயசு எழுபத்தொண்ணு, எழுதிட்டேன். தொழில் என்னன்னு போடலாம் மேடம்?”

நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருந்த குரலுக்கு அவசரம். மரண அறிவிப்புகளை மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும். இப்போது மணி இரண்டு இருபது. மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். கூடத்தில் அப்பாவை வைத்திருந்த குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நாலரைக்கு வண்டி வரும்.

“எழுத்தாளர்” என்றாள்.

“என்ன பேர்ல எழுதுவார்?”

“ஊழியன்.”

“எந்த ஆபீஸ்ல மேடம்?”

“ஆபீஸ் இல்லீங்க. பேரே அதுதான்.”

கதவு திறந்து சித்தப்பாவின் தலை தெரிந்தது. “வார இதழ் ஆசிரியர் வந்திருக்கார்மா. உன்கிட்டத் தனியாப் பேசணுமாம்.”

“பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுறேன்” என்று போனை வைத்தாள்.

அப்பா குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். மணிக்கொரு முறை தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, அடுத்த மணி அடிக்கும்வரை உலகத்தை அழிப்பார். வார இதழில் முப்பத்தொரு தொடர்கள். அணைகளை உடைத்தார், வால்நட்சத்திரங்களை இறக்கினார், ஒருமுறை கடலையே உறைய வைத்தார். எதுவும் புத்தகமாக வரவில்லை. ஊழி என்றால் உலகம் முடியும் காலம். அதைக் கொண்டுவருகிறவன் ஊழியன். அது அவர் போட்ட கணக்கு. வாசகர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஒருவர் சம்பள உயர்வுக்குப் போராட வாழ்த்து அனுப்பினார். இன்னொருவர் இவரை மத ஊழியர் என்று நினைத்து, தனக்காகப் பிரார்த்திக்கும்படி எழுதினார். பிரார்த்தித்துவிட்டதாகவும், ஆனால் அடுத்த வாரம் வால்நட்சத்திரம் விழுவதைத் தன்னால் நிறுத்த முடியாது என்றும் அப்பா பதில் போட்டார்.

கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். வாரியத்தில் உடன் வேலை பார்த்த இருவர், எதிர்வீட்டுக்காரர், மற்றவர்கள் சித்தப்பா வீட்டு ஆட்கள்.

“மூணு தடவ இந்தத் தெருவ முழுகடிச்சார்” என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். “மூணு தடவையும் முதல்ல போனது என் வீடு. ஏன் சார்னு கேட்டா, நீங்க பள்ளத்துல இருக்கீங்களே, நான் என்ன பண்ணட்டும்பார்.”

“ஊரெல்லாம் வெள்ளம் விடுவார்” என்றார் சித்தப்பா. “குளிக்கச் சொன்னா மட்டும் நாளைக்கும்பார்.”

சிரித்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆசிரியர் கொண்டுவந்த மலர்வளையம் பெட்டியின் மேல் இருந்தது. ‘வார இதழ் குடும்பத்தாரின் அஞ்சலி’ என்றது ரிப்பன். ஊழியன் என்ற பெயர் அதில் இல்லை. மகள் அதைக் கவனித்தாள்.

அப்பாவின் அறையில் ஆசிரியர் உட்காராமலே பேசினார்.

“பேப்பர் விளம்பரத்துல ஊழியன்ங்கற பேர் வேண்டாம்மா.”

“ஏன் சார்?”

“தொடர் போயிட்டிருக்கு. பதினோரு வாரம் முடிஞ்சிருக்கு.”

“தெரியும். நான்தானே அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்.”

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. ஞாயிறுதோறும் அவள் தன் ஊரிலிருந்து போன் போட்டு அந்த வார அத்தியாயத்தை வாசிப்பாள். “ம்” என்பார். சில இடங்களில் சிரிப்பார். சிரிக்க ஒன்றுமில்லாத இடங்கள் அவை.

“அப்பா முன்னாடியே எழுதி வெச்சதுதானே அதெல்லாம்?” என்று கேட்டாள்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லம்மா. ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் எழுதுறாங்க. ரெண்டு வருஷமா.”

கூடத்தில் பெட்டியின் உறுமல் நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். தட்டச்சில் இரண்டு வரி. ஊழியன் என்ற பெயரில் இதழ் தொடர்ந்து எழுதச் செய்யலாம். என் மறைவை அந்தப் பெயருடன் சேர்த்து அறிவிக்க வேண்டாம். கீழே இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல், அப்பாவின் கையெழுத்து. அதற்கும் கீழே பென்சிலில் ‘நிறுத்தாதே’ என்று ஒரு சொல்.

“நான் கேக்கலம்மா. வேற யாரையாவது வெச்சு எழுதச் சொல்லி அவரேதான் எழுதிக் காட்டினார். பேர் சாகக்கூடாதாம்.”

“ஆள் செத்திருக்காரே சார்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“முப்பத்தொரு தொடர் எழுதின மனுஷனுக்கு ஒம்பது பேர் வந்திருக்காங்க. படிச்சவங்க எங்கயாவது இருப்பாங்கல்ல? பேப்பர்ல வந்தாத்தானே அவங்களுக்குத் தெரியும்?”

“தெரிஞ்சா, அடுத்த வாரம் எழுதுறது யாருன்னு கேப்பாங்க. டீச்சரும் நிறுத்திடுவாங்க. அப்பா சொல்லும் போச்சு.” தாளை மடிக்கப் போனவர், மடிக்காமல் மேஜையிலேயே விட்டார். “அப்புறம் உங்க இஷ்டம். நான் குறுக்கே நிக்க மாட்டேன்.”

அவர் போன பிறகு அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி இரண்டு நாற்பது. ஏழாவது வாரத்தில், வெள்ளம் வரும் நேரத்தில், கதாநாயகன் வால்வைத் திறப்பதற்காக அதை வலப்பக்கம் முழு பலத்தோடு திருகுகிறான். அந்த இடத்தில்தான் அப்பா விடாமல் சிரித்தார். வலப்பக்கம் திருகினால் மூடும். முப்பத்துநாலு வருடம் வால்வு திருகியவர் இப்படி எழுதுவாரா என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு இருந்த அவசரத்தில் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

தாளை இன்னொரு முறை படித்தாள். போனை எடுத்தாள்.

“தொழில் சொல்றேன். குடிநீர் வாரிய ஊழியன்.”

“ஓய்வுபெற்ற குடிநீர் வாரிய ஊழியர். சரி மேடம்.”

“ஓய்வுபெற்ற வேண்டாம். அப்புறம் ஊழியர் இல்ல, ஊழியன். கடைசி எழுத்து ன்.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. “இறந்தவங்களுக்கு அப்படிப் போட மாட்டோம் மேடம். மரியாதையா இருக்காது.”

“மரியாதைக்குத்தான் கேக்கறேன்.”

“ப்ரூஃப் பாக்கறவர் மாத்திடுவாரே.”

“மாத்தக்கூடாதுன்னு பக்கத்துல எழுதி வைங்க.”

“ஒத்த எழுத்துக்கு இவ்வளவா” என்று குரல் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, “போட்டாச்சு மேடம். நாளைக்குத் திட்டு வாங்கப்போறது நாங்க.”

வண்டி நாலரைக்கே வந்தது. ஒன்பது பேரில் ஐந்து பேர் கூட ஏறினார்கள். மின்மயானத்தில் இரும்புக் கதவு மேலே போய்க் கீழே இறங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததற்காக வெட்கப்பட்டவர்போலக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறாம் பக்கத்தில், வாரிய அடையாள அட்டையில் இருந்த படத்தோடு, அறிவிப்பு வந்திருந்தது. ஊழியன். மாற்றவில்லை. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குச் சித்தப்பாவின் போன். “என்னம்மா இது, அண்ணனை வேலைக்காரன் மாதிரிப் போட்டிருக்கானுங்க? கேஸ் போடலாம்மா.”

அடுத்து வாரியத்தின் சங்கச் செயலாளர். “முப்பத்துநாலு வருஷ சர்வீஸ் மேடம். ஒரு ‘ர்’ கூடவா குடுக்க மாட்டாங்க?”

பத்து மணிக்கு விளம்பரப் பிரிவே கூப்பிட்டது. அதே குரல், இன்று பணிவாக.

“மேடம், நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்னு மேனேஜர் சொல்றார். காலையிலேர்ந்து ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்ன சொன்னாங்க?”

“எழுத்துப் பிழைன்னுதான்.”

“ஆறு பேருமா?”

“ஆறு பேரும்தான் மேடம்.”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லையே. வேற என்ன கேக்கணும்?”

“ஒண்ணுமில்ல. திருத்தம் வேண்டாம்” என்று வைத்தாள்.

வாசலில் ஒரு சிறிய வண்டி வந்து நின்றது. வாடகை நாற்காலிக்காரர். சித்தப்பா ஐம்பது சொல்லியிருந்தார். சுவரோரம் ஐந்து அடுக்குகளில் நான்கு, வந்தபடியே நின்றிருந்தன.

“பிரிக்கவே இல்ல போலிருக்கு” என்றார் அவர்.

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுங்க.”

“எல்லாம் நேத்தே முடிஞ்சிடுச்சுன்னாங்களேம்மா?”

“பேப்பர்ல இன்னிக்குத்தான் வந்திருக்கு.”

அவர் தெருவை ஒரு தரம் பார்த்தார். “சரிம்மா. இருட்டினதும் வரேன்.”

வண்டி போனதும் அவள் இரண்டாவது அடுக்கைத் தொட்டாள். நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருந்தன. அடியில் இருந்ததைக் காலால் அழுத்திக்கொண்டு மேலிருந்ததை இழுத்தாள். வந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரத் துணியால் துடைத்து, தெருவைப் பார்த்தாற்போல் போட்டாள். பத்தும் முடிந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டு மூன்றாவது அடுக்குக்குப் போனாள்.